மீன் குஞ்சு எங்கே போகிறது? நூற்றைம்பது ஆண்டு வழக்கு ஒன்று



கொஞ்சம் நீளமான பதிவு. பேருந்தில் நின்றுகொண்டு படிப்பவர்கள் இரண்டு தவணையாகப் படியுங்கள்.

கடற்கரை ஊரில் ஐஸ் ஆலை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "சார், மீன் லட்சக்கணக்கில் முட்டை போடுதுன்னு நீங்கதான் பாடம் எடுத்தீங்க. அந்தக் குஞ்செல்லாம் எங்க சார் போகுது? நாங்க ஒரு இடத்துல வலை போடாம விட்டுவச்சா, அங்க பிறக்கிற குஞ்சு எங்களுக்கே வருமா, இல்ல தண்ணி இழுத்துட்டுப் போயி யாருக்கோ கொடுத்துடுமா?"

கேள்வி சின்னது. ஆனால் இதன் மேல் ஒன்றரை நூற்றாண்டாக ஒரு வழக்கு நடந்திருக்கிறது. அரசாங்கங்கள் பணத்தைக் கொட்டியிருக்கின்றன, பெரிய மனிதர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்தக் கதையைச் சொல்கிறேன். கதை நார்வேயில் தொடங்குகிறது.

நார்வேயின் வடமேற்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, லொஃபோடென் என்று ஒரு தீவுக்கூட்டம். ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை காட் மீன் அங்கே கூட்டங்கூட்டமாக முட்டையிட வரும். (காட் யாரென்று கேட்பவர்களுக்கு: சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினீர்களே மீன் எண்ணெய், அது இதன் ஈரலிலிருந்து எடுப்பதுதான்.) அந்தக் கரையின் வாழ்வே இந்த மீனை நம்பித்தான். ஒரு வருடம் படகு நிறையும், அடுத்த வருடம் காலியாக வரும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்து வா என்று நார்வே அரசு 1864இல் ஓர் இளைஞரை அனுப்பியது. பெயர் கியோர்க் ஓசியன் சார்ஸ். வயது 27ஐ ஒட்டி. தந்தை மிக்கேல் சார்ஸும் பெயர் பெற்ற கடல் உயிரியலாளர்.

அப்போது எல்லோரும் நம்பியது என்னவென்றால், மீன் கடலடியில் முட்டையிடும், முட்டை அங்கேயே மணலிலோ பாறையிலோ கிடந்து பொரிக்கும் என்பது. குளத்து மீனையும் ஆற்று மீனையும் பார்த்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? சார்ஸ் அங்கே போய் மெல்லிய துணிவலையைக் கடலின் மேற்பரப்பில் இழுத்தார். கண்ணாடி மணிபோல நிறமற்ற சிறு உருண்டைகள் வலையில் வந்தன. ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான். அவை காட் முட்டைகளா என்று உறுதிசெய்ய, பிடிபட்ட ஆண், பெண் மீன்களிலிருந்து விந்தும் சினையும் எடுத்துப் பாத்திரத்தில் சேர்த்துப் பார்த்தார். அந்த முட்டைகளும் தண்ணீரின் மேலேயே மிதந்தன, அதே உருவில் வளர்ந்தன. கரையில் ஆயிரமாயிரம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படகு ஓட்டியது அந்த முட்டைகளின் மேலேதான்.

பொரித்து வரும் குஞ்சு நாலு மில்லிமீட்டர் நீளம். ஒரு அரிசி நீளம்கூட இராது. வயிற்றில் மஞ்சள்கருப் பை தொங்கும். ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு அந்தக் கட்டுச்சோறு போதும். பிறகு தானே இரை தேடவேண்டும். இரை என்பது கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள், முக்கியமாகக் கலானஸ் என்ற இறால் இனத்துச் சிற்றுயிரியின் குஞ்சுகள். இதற்குள் நார்வே கரையை ஒட்டி வடக்கே ஓடும் நீரோட்டம் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிறது. இலையுதிர் காலத்தில் விரல் நீளக் குட்டியாகி அது அடிமட்டத்துக்கு இறங்கும்போது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி பாரண்ட்ஸ் கடலில் இருக்கும். பிறந்த வீடு லொஃபோடென், வளர்ந்த வீடு பாரண்ட்ஸ் கடல். ஆறேழு வருடம் கழித்துத்தான் முட்டையிடத் திரும்பி வரும்.

சார்ஸின் கண்டுபிடிப்பு ஒரு வேடிக்கையான பக்கம் திரும்பியது. பிரிட்டனில் அதே காலத்தில் மடிவலை கடலடியைச் சுரண்டி மீன் முட்டையை நாசம் செய்கிறது என்று தூண்டில் மீனவர்கள் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். 1880களில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராசிரியர் மக்கின்டோஷ் மடிவலைக் கப்பல்களில் போய்ப் பார்த்துவிட்டு, உணவு மீன்களில் பெரும்பாலானவற்றின் முட்டை மிதக்கிறது, அடியில் ஒட்டுவது ஹெர்ரிங் போன்ற சிலவற்றின் முட்டைதான், ஆகவே வலை முட்டையை அழிப்பதாகச் சொல்ல முடியாது என்று காட்டினார். முட்டையைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால் அது வலைக்கே நற்சான்றிதழாகிவிட்டது. 1883இல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் தாமஸ் ஹக்ஸ்லி, பெரிய கடல் மீன்வளங்கள் அநேகமாக வற்றாதவை என்றே பேசினார். டார்வினுக்காக ஊரெல்லாம் வாதாடிய அதே ஹக்ஸ்லிதான். படித்தவர்கள் சொன்னால் அவ்வளவும் சரியாக இருக்கும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முட்டை மிதக்கிறது, குஞ்சு மிதக்கிறது, பெரும்பாலானவை செத்துப்போகின்றன. இவ்வளவும் தெரிந்ததும் யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை ஒன்று உண்டு. நாமே முட்டையைப் பொரித்துக் கடலில் விட்டால் என்ன? கோழிப்பண்ணை மாதிரி.

நார்வேயின் தென்கரையில் கப்பல் தலைவராக இருந்த குண்டர் மத்தீசன் டான்னேவிக் 1882இல் ஆரென்டால் அருகே ஃப்ளோடேவிகன் என்ற இடத்தில் காட் பொரிப்பகம் கட்டினார். அறிவியல் பட்டம் இல்லாத மனிதர், கைவேலையில் கெட்டிக்காரர். தாய்மீன்களை ஒரு கடல்நீர்த் தொட்டியில் விட்டுவிடுவார். அவை தாமாக முட்டையிடும். முட்டைதான் மிதக்குமே, வழிந்தோடும் தண்ணீரோடு தானே வந்து சேகரிப்புப் பெட்டியில் விழும். சார்ஸ் கண்ட உண்மையை இவ்வளவு எளிமையாக யாரும் வேலைக்கு வைத்ததில்லை. 1884 முதல் மஞ்சள்கருப் பையோடு இருக்கும் குஞ்சுகளைக் கோடிக்கணக்கில் விரிகுடாக்களில் விட்டார்கள். அமெரிக்காவில் வுட்ஸ் ஹோலிலும், நியூஃபவுண்ட்லாந்திலும் இதே வேலை தொடங்கியது. கரையோர மக்களுக்கு மகிழ்ச்சி. நம் கண்முன்னே கோடிக்கணக்கில் குஞ்சு கடலுக்குப் போகிறது, இதைவிட என்ன வேண்டும்?

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுவோம். (கணக்கென்றதும் கடைசி பெஞ்சு எழுந்து போகக்கூடாது.) நல்ல பருமனான பெண் காட் ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டையிடும், பெரிய மீன் 50 லட்சம்கூட இடும். பத்துக் கோடிக் குஞ்சுகளைக் கடலில் விட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எத்தனை பெரிய தாய்மீன்களின் ஒரு வருட முட்டைக்குச் சமம்? பத்துக் கோடியை 50 லட்சத்தால் வகுத்தால் இருபது. அவ்வளவுதான். வலையிலிருந்து இருபது பெரிய தாய்மீன்களை விட்டுவிட்டால் கிடைக்கிற எண்ணிக்கை அது. மறுபக்கமும் பாருங்கள். ஒரு தாய்மீன் தன் வாழ்நாளில் இட்ட முட்டைகளில் சராசரியாக இரண்டே இரண்டு பிழைத்துப் பெரிய மீனானால் அந்த இனம் குறையாமல் நிற்கும். மற்றதெல்லாம் போகிறது. எண்ணிக்கை குறைவாக இருப்பதா பிரச்சினை, அல்லது அந்தப் போகிற வழியில் நடப்பதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் யோஹான் ஹ்யோர்ட். 1869இல் பிறந்தவர், பிற்பாடு நார்வே மீன்வளத் துறையின் இயக்குநர். பொரிப்பகத்தின் பயனை அவர் வெளிப்படையாகவே சந்தேகித்தார். 1900களின் தொடக்கத்தில் அவரும் கூட்டாளி க்னூட் டாலும் விரிகுடாக்களில் குஞ்சு விட்டபின்னும் விடாதபோதும் எவ்வளவு குட்டிகள் இருக்கின்றன என்று வலைபோட்டு எண்ணினார்கள். பொரிப்பகத்தால் குட்டி கூடியதாக அவர்களுக்குத் தெரியவில்லை. டான்னேவிக் விட்டுக்கொடுக்கவில்லை. இருதரப்பும் அறிக்கை மேல் அறிக்கை எழுதினார்கள். பட்டம் பெற்றவருக்கும் பட்டறிவு பெற்றவருக்கும் நடந்த சண்டை என்றும் சொல்லலாம். இதில் என் அனுதாபம் கொஞ்சம் டான்னேவிக் பக்கம் உண்டு. அவர் தவறாக இருந்தார் என்றாலும், தன் வேலையை எண்ணிப் பார்க்க அனுமதித்தவர்.

ஹ்யோர்ட்டின் பெரிய வேலை வேறு. மீன் ஒரு வருடம் குவிவதும் மறு வருடம் காணாமல் போவதும், அது வேறு கடலுக்குக் குடிபெயர்வதால்தான் என்று அதுவரை சொல்லிவந்தார்கள். அவருடைய குழு மீன் செதிளில் இருக்கும் ஆண்டு வளையங்களை எண்ணி ஹெர்ரிங் மீன்களின் வயதைக் கணித்தது. மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோலத்தான். ஆயிரக்கணக்கான மீன்களுக்கு இப்படிச் செய்தபோது ஒரு செய்தி துலக்கமாக வந்தது. 1904ஆம் ஆண்டு பிறந்த ஹெர்ரிங் மட்டும் மற்ற எல்லா ஆண்டு மீன்களையும் அமுக்கிக்கொண்டு நின்றது. 1908இல் நாலு வயது மீனாக வலையில் பெருகியது. 1910இலும் பிடிபட்டதில் பெரும்பகுதி அதுவே, அப்போது ஆறு வயது. அதன் பின்னும் அந்த ஒரே ஆண்டுப் பிறப்புதான் மீனவர் வீட்டு அடுப்பை எரித்தது. மீன் எங்கேயும் குடிபெயரவில்லை. ஒரு நல்ல வருடத்தில் பிறந்த குஞ்சுகள் பிழைத்தன, மற்ற வருடங்களில் பிறந்தவை பிழைக்கவில்லை.

1914இல் வெளியிட்ட நீண்ட ஆய்வில் ஹ்யோர்ட் இரண்டு காரணங்களை ஊகித்தார். ஒன்று, மஞ்சள்கரு தீர்ந்த அந்தச் சில நாட்களில் தக்க இரை வாய்க்கு எட்டவேண்டும், எட்டாவிட்டால் கூண்டோடு பட்டினி. இரண்டாவது, நீரோட்டம் குஞ்சைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம், அங்கிருந்து அது திரும்ப முடியாது. நம் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் முதல் காரணம்தான் இடம்பெறும். என் மனத்தில் நின்றது இரண்டாவது. கருத்து வலுவானது, ஆனால் அதற்குள் ஓர் ஊகம் ஒளிந்திருந்தது: குஞ்சு என்பது தண்ணீர் போகிற பக்கம் போகும் தூசி. அடுத்த எழுபது ஆண்டுகள் மீன்வள அறிவியல் பெரும்பாலும் அந்த ஊகத்தின் மேல்தான் கட்டப்பட்டது.

அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. நாலு மில்லிமீட்டர் உடம்புக்குத் தண்ணீர் என்பது நமக்கு இருப்பதுபோல் இல்லை. அந்த அளவில் நீரின் பிசுப்பு மேலோங்கிவிடும், நாம் வெல்லப்பாகில் நீந்துவதுபோல. வாலை ஆட்டுவதை நிறுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அது வினாடிக்குச் சில மில்லிமீட்டர் நகர்கிறது, நீரோட்டம் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கிடைமட்டமாக அது எங்கே நீந்தி எங்கே சேர?

கிடைமட்டமாக என்றேன். மேலும் கீழும் என்றால் கணக்கே வேறு. பத்து மீட்டர் இறங்க, மெதுவாகப் போனாலும், சில மணி நேரம் போதும். கடலில் பத்து மீட்டர் ஆழ வேறுபாடு என்பது பலசமயம் வேறொரு ஊருக்குப் போகும் வண்டி. நம் கரை மீனவர்கள் நீரோட்டத்தை "நீவாடு" என்பார்கள். மேலே ஒரு பக்கம் ஓடும் நீவாடும் அடியில் வேறு பக்கம் ஓடும் நீவாடும் ஒரே இடத்தில் இருக்கலாம்.

இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வகத்தில் ஃபிரெடெரிக் ரஸ்ஸல் 1920களில் வெவ்வேறு ஆழங்களில் வலை இழுத்து, மிதவை உயிரிகளும் மீன் குஞ்சுகளும் எந்த வேளையில் எந்த ஆழத்தில் இருக்கின்றன என்று பொறுமையாகக் குறித்தார். பகலில் கீழே, இரவில் மேலே என்பதுதான் பொதுவான போக்கு. ஒவ்வொரு இனத்துக்கும் பிடித்தமான ஒளி அளவு ஒன்று இருக்கிறது, அந்த ஒளியைத் துரத்திக்கொண்டு அவை ஏறி இறங்குகின்றன என்பது அவர் கருத்து. இதில் தொல்லை ஒன்றும் உண்டு. பகலில் குஞ்சுக்கு வலை கண்ணில் படும், ஒதுங்கிவிடும். பகலில் மேலே குறைவாகக் கிடைப்பது அது கீழே போனதாலா, தப்பியதாலா? இந்தச் சந்தேகம் பின்னால் வந்தவர்களைப் பல காலம் ஆட்டிவைத்தது. ஒரே இழுவையில் ஒவ்வொரு ஆழத்திலும் ஒவ்வொரு வலை திறந்து மூடும் கருவிகள் 1970களில் வந்தபிறகுதான் நிலைமை தெளிந்தது.

ஏறி இறங்குவது பயணத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கு டச்சுக் கடலோரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. விலாங்கின் கண்ணாடிக் குஞ்சுகள் வாடன் கடலுக்குள் எப்படி நுழைகின்றன என்று கிராய்ட்ஸ்பெர்க் 1950களில் ஆராய்ந்தார். ஏற்ற நீர் வரும்போது அவை அடியிலிருந்து மேலே எழுகின்றன, நீர் அவற்றை உள்ளே கொண்டுபோகிறது. வற்று நீர் வரும்போது அடியில் ஒட்டிக்கொள்கின்றன. மறு ஏற்றத்தில் மீண்டும் எழுகின்றன. எதிர்த்து நீந்தவே வேண்டாம். தன் ஊர்ப்பக்கம் போகும் பேருந்து வந்தால் ஏறுவது, எதிர்ப்பக்கப் பேருந்து வந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பது. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தில் 1980களின் தொடக்கத்தில் ஃபோர்த்தியே, லெக்கெட் இருவரும் இதேபோன்ற ஒன்றைக் கண்டார்கள். அங்கே மேல்நீர் கடல்நோக்கி வெளியே ஓடும், ஆழ்நீர் உள்நோக்கி வரும். மேலேயே தங்கிய கேப்லின் குஞ்சுகள் வெளியே அடித்துச் செல்லப்பட்டன. ஆழத்தை மாற்றிக்கொள்ளும் ஹெர்ரிங் குஞ்சுகள் கழிமுகத்துக்குள்ளேயே தங்கின. ஒரே தண்ணீர், ஒரே வாரம், இரண்டு இனங்கள், இரண்டு முகவரிகள்.

முட்டைக்கோ ஏறி இறங்கும் வித்தை தெரியாது. அதன் கதி அடர்த்தியைப் பொறுத்தது. பால்டிக் கடலுக்கு வாருங்கள். அதுவும் காட் மீன்தான், ஆனால் அந்தக் கடலின் மேல்நீரில் உப்பு மிகக் குறைவு, ஆயிரத்துக்கு 7, 8 பங்குதான். லொஃபோடெனில் மேலே மிதக்கும் முட்டை இங்கே மூழ்கும். பால்டிக் காட்டின் முட்டை கொஞ்சம் பெரிதாக, அதிகத் தண்ணீர் ஏற்று, இலேசாகிப் பழகியிருக்கிறது. அப்படியும் மேலே நிற்க முடியாமல், உப்பு ஆயிரத்துக்கு 11 பங்குக்கு மேல் இருக்கும் ஆழ்நீரில் போய் அந்தரத்தில் நிற்கும். அந்த ஆழத்தில் ஆக்சிஜன் இருக்கவேண்டுமே! அங்கே காற்றோட்டம் கிடையாது. வடகடலிலிருந்து உப்பும் ஆக்சிஜனும் நிறைந்த நீர் குறுகிய நீரிணைகள் வழியே பெரிய அளவில் உள்ளே பாயும்போதுதான் ஆழ்நீர் புதுப்பிக்கப்படும். அந்தப் பாய்ச்சல் 1980களுக்குப் பிறகு அரிதாகிவிட்டது. 1993, 2003, 2014 என்று எப்போதாவது ஒன்று. மேலே போனால் மிதக்க உப்பில்லை, கீழே போனால் மூச்சுவிட ஆக்சிஜன் இல்லை. இடையில் ஒரு மெல்லிய அடுக்கு, அதில்தான் ஓர் இனத்தின் எதிர்காலம் தொங்குகிறது. அதன் மேல் மிதமிஞ்சிய மீன்பிடிப்பும் வேறு காரணங்களும் சேர்ந்தன. 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் கிழக்குப் பால்டிக்கில் காட் பிடிப்பதை அவசரமாக நிறுத்தவேண்டி வந்தது.

கலிஃபோர்னியாவின் ரூபென் லாஸ்கர் செய்ததை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். நெத்திலிக் குஞ்சுகளைக் கப்பலிலேயே வைத்துக்கொண்டு, வெவ்வேறு ஆழத்து நீரில் விட்டு, எந்த நீரில் அவற்றின் வயிறு நிறைகிறது என்று பார்த்தார். மேற்பரப்பு நீரில் நிறையவில்லை. பதினைந்து இருபது மீட்டர் ஆழத்தில் இரை திரண்டிருந்த ஒரு மெல்லிய அடுக்கின் நீரில் நிறைந்தது. 1974இல் ஒரு புயல் வந்து கடலைக் கலக்கி அந்த அடுக்கைக் கலைத்தது, பந்தியும் கலைந்தது.

இவ்வளவு தெரிந்தபின்னும் பவளப்பாறை மீன்களைப் பற்றிய எண்ணம் மட்டும் மாறவில்லை. பாறை மீன் குஞ்சுகள் பிறந்ததும் திறந்த கடலுக்குப் போய்விடும், வாரக்கணக்கில் அலையும், எந்தப் பாறையில் ஒதுங்குகிறதோ அதுவே விதி என்றார்கள். ஒரு பாறையைக் காத்தால் பலன் யாருக்கு என்று கேட்டால் "கடலுக்குத்தான் தெரியும்" என்பதே பதில்.

ஆஸ்திரேலியாவில் ஜெஃப் லீஸ் என்பவர் எளிய காரியம் ஒன்று செய்தார். ஒளிப்பொறியில் சிக்கிய, பாறையில் இறங்கத் தயாரான வளர்ந்த குஞ்சுகளைக் கடலில் ஒவ்வொன்றாக விட்டு, முக்குளிப்பவர்கள் பின்னாலேயே நீந்திப் பார்த்தார்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக் குஞ்சுகள் சராசரியாக வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில், பலவும் ஒரே திசை பிடித்துப் போயின! 1997இல் ஸ்டோபுட்ஸ்கியும் பெல்வுட்டும் ஓடும் நீர்க்குழாயில் இப்படிப்பட்ட குஞ்சுகளை விட்டு, களைத்து விழும்வரை நீந்தவிட்டார்கள். உணவும் ஓய்வும் இல்லாமல் அவை நீந்திய தூரம் சராசரியாகச் சுமார் 40 கிலோமீட்டர். தூசி என்று நினைத்தது இதைத்தான். முதல் வாரத்தில் அது தூசிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, கடைசி வாரத்தில் இல்லை. இரண்டையும் சேர்த்து "குஞ்சு" என்று ஒரே பெயரில் அழைத்ததில் பாதிக் குழப்பம் வந்தது என்பது என் கருத்து.

பிறகு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நேரடியாக அளந்தார்கள். கிரேட் பேரியர் ரீஃபில் லிசர்ட் தீவு. ஜெஃப்ரி ஜோன்ஸும் குழுவினரும் ஒரு சிறு பாறைமீனின் முட்டைக் கூடுகளில், ஒரு கோடிக்கு மேற்பட்ட கருக்களுக்கு, டெட்ராசைக்ளின் மருந்து கொடுத்தார்கள். நமக்குக் காய்ச்சலுக்குக் கொடுப்பார்களே, அந்த வகை மருந்துதான். அது மீனின் செவிக்கல்லில் படிந்து, தக்க விளக்கொளியில் மஞ்சளாக ஒளிரும். சுமார் மூன்று வாரம் கழித்துப் பாறைக்குத் திரும்பி வந்த குட்டிகளில் 5,000ஐப் பிடித்துச் செவிக்கல்லை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 15இல் அடையாளம் இருந்தது. பதினைந்துதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். தீவில் பிறந்த எல்லாக் குஞ்சுக்கும் அடையாளம் போடவில்லை, மிகச் சிறு பகுதிக்குத்தான். அந்த விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், தீவுக்கு வந்து சேரும் குட்டிகளில் 15 முதல் 60 விழுக்காடு அந்தத் தீவிலேயே பிறந்தவை. 1999 இறுதியில் இது வெளிவந்தபோது துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2007இல் பப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில், தாய்மீனுக்கே தீங்கற்ற பேரியம் ஐசோடோப்பு ஊசி போட்டு, அது முட்டை வழியாகக் குஞ்சின் செவிக்கல்லில் படியுமாறு செய்து சோதித்தார்கள். கோமாளிமீன் கடலில் அலைவது 11 நாள் அளவு, வண்ணத்துப்பூச்சி மீன் அலைவது 38 நாள் அளவு. இரண்டிலும் ஏறத்தாழ 60 விழுக்காடு, அரைச் சதுரக் கிலோமீட்டர்கூட இல்லாத அந்தச் சிறு பாறைக்கே திரும்பியிருந்தன.

எப்படித் திரும்புகின்றன? ஆழத்தை மாற்றுவது ஒன்று. பார்படாஸ் தீவருகே பாரிஸ், கோவன் என்ற இருவர் பார்த்தபோது, ஒரு பாறைமீன் குஞ்சுகள் வயது ஏற ஏறக் கீழே இறங்கி, வெளியே ஓடும் மேல்நீரைத் தவிர்த்துத் தீவருகிலேயே தங்கின. ஒலி இன்னொன்று. பவளப்பாறையில் சொடக்கு இறாலும் மீன்களும் சேர்ந்து எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டே இருக்கும். 2005இல் லிசர்ட் தீவருகே செயற்கைப் பாறைக் குவியல்கள் அமைத்து, சிலவற்றில் மட்டும் ஒலிபெருக்கி வைத்து அந்தச் சத்தத்தை இரவெல்லாம் ஒலிக்கவிட்டார்கள். சத்தம் கேட்ட குவியலுக்கே குஞ்சுகள் அதிகம் வந்தன.

நம் பக்கம் இந்த வேலை நடக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். 1947இல் தொடங்கிப் பின்னர் மண்டபத்தில் இயங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ், இந்தியப் பெருங்கடலில் டானா கப்பல் 1928-30இல் சேகரித்த சூரைக் குஞ்சுகள் எங்கெங்கே கிடைத்தன என்று வகைபிரித்து எழுதியவர். நம் சோழமண்டலக் கரையில் இன்னொரு சிறப்பு உண்டு. நார்வேக் கரை நீரோட்டம் ஆண்டு முழுதும் வடக்கே ஓடும். நம்முடையது பருவக்காற்றோடு திசை மாறும். பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி. ஒரே இடத்தில் மார்ச்சில் இட்ட முட்டையும் நவம்பரில் இட்ட முட்டையும் எதிரெதிர் திசைப் பயணச்சீட்டோடு பிறக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன அல்லவா, அது முட்டையிடும் தாயைக் காப்பதற்கு. அதன் பிறகு கண்ணி சிறுத்த வலையில் குட்டியை அள்ளினால், அந்த 61 நாள் கூலி இழப்பை யார் கணக்கில் எழுதுவது?

டான்னேவிக்கின் பொரிப்பகம் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டேன். தந்தைக்குப் பின் மகன் நடத்தினார். 1971வரை, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள், குஞ்சு விட்டார்கள். காட் வளம் அதனால் கூடியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை, நிறுத்தினார்கள். ஆனால் குஞ்சு விட்டதன் பலனை அளக்க மகன் ஆல்ஃப் டான்னேவிக் 1919இல் தொடங்கிய கரைவலைக் கணக்கெடுப்பு இன்றும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நடக்கிறது. அதே கரை, அதே மாதிரி வலை, நூறு ஆண்டுக்கு மேலான எண்கள். எந்த ஆண்டு குட்டி பிழைத்தது, எந்த ஆண்டு பிழைக்கவில்லை என்று உலகில் இவ்வளவு நீண்ட பதிவு வெகு சில இடங்களில்தான் உண்டு.

பலன் யாருக்கு என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த பதில்களில் நேரானது பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவிலிருந்து வந்தது. அங்கே கடலின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு ஊருக்கு வழிவழியாகச் சொந்தம். ஒரு ஊரார் தங்கள் எல்லையில் களவா மீன்கள் கூடி முட்டையிடும் இடத்தில் ஒரு பகுதியை மூடி வைத்தார்கள். ஆய்வாளர்களும் மீனவர்களும் சேர்ந்து, அங்கே கூடிய 400க்கு மேற்பட்ட பெரிய களவாக்களின் துடுப்பில் சிறு துணுக்கு எடுத்து மரபணுவைப் பதிந்தார்கள். பின்னர் சுற்றுவட்டாரப் பாறைகளில் குட்டிகளைப் பிடித்து யார் பிள்ளை எது என்று ஒப்பிட்டார்கள். 2013இல் முடிவு வந்தது. அங்கே பிறந்த குஞ்சுகளில் பாதி 14 கிலோமீட்டருக்குள்ளேயே இறங்கியிருந்தன. காத்த ஊருக்கு நல்ல பங்கு கிடைத்தது. மிச்சம் பக்கத்து ஊர்களின் எல்லைக்குள் இருந்தது. அந்த ஊர்களில் பிடிபட்ட குட்டிகளின் தாய் எங்கே இருக்கிறாள் என்பது அந்த ஊராருக்கும் இப்போது தெரியும்.